ஏர் ஃபில்டர் மாற்றப் போய் எஞ்சினுக்குள் தூசியை அனுப்பாதீர்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வேலைகளில் வீட்டிலேயே தைரியமாகக் கை வைக்கக்கூடிய ஒன்று ஏர் ஃபில்டர் மாற்றுவது. ஆயில் வடிக்க வேண்டாம், பெரும்பாலான கார்களில் ஜாக்கி போட்டுத் தூக்கவும் வேண்டாம். அதனாலேயே அலட்சியம் வந்துவிடுகிறது. பழைய ஃபில்டர் எவ்வளவு கறுத்திருந்தாலும் தூசியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியை நாம் திறந்து வேலை செய்யும் நேரத்திலும், சரியாக மூடாமல் விட்ட பிறகும்தான் தூசிக்கு வழி கிடைக்கிறது. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

முதல் தவறு, தேவையில்லாமல் மாற்றுவது. காகித ஃபில்டரில் லேசாகத் தூசி படிந்த பிறகு அது புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசியும் சேர்ந்து நுண்துகளைத் தடுக்கிறது. எனவே கொஞ்சம் சாம்பல் நிறம் தெரிந்ததும் பதற வேண்டாம். காரோடு வந்த கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள். புழுதியில் அதிகம் ஓடும் கார் என்றால் அதற்கு முன்பே மாற்றலாம். மைலேஜ் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நவீன பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் எஞ்சினின் கம்ப்யூட்டர் தருவதால் இப்படி. ஸ்போர்ட்ஸ் கார்காரருக்குப் பிக்கப் முக்கியம், சரி. ஆனால் அதற்காக மாதாமாதம் பெட்டியைத் திறப்பதில் லாபமில்லை.

வாங்கும்போது எத்தனை ஃபில்டர் என்று பார்க்காமல் ஒன்றை மட்டும் வாங்கி வருபவர்கள் உண்டு. நிஸான் 370 இசட், ஜிடி-ஆர் ஆர்35, பிஎம்டபிள்யூ எஃப்80 எம்3 போன்றவற்றில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். ஒன்றைப் புதிதாக்கி இன்னொன்றைப் பழையதாக விட்டால் அது பாதி வேலைதான். போர்ஷே 911இல் எஞ்சின் பின்னால், பாக்ஸ்டர், கேமனில் நடுவில். அதனால் ஃபில்டரை முன்னால் தேடாதீர்கள், முன் மூடியைத் திறந்தால் சாமான் வைக்கும் இடம்தான் தெரியும். ஏசி காற்றுக்கான கேபின் ஃபில்டரை வாங்கி வந்து விழிப்பவர்களும் இருக்கிறார்கள். புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், உயரம், விளிம்பு ரப்பரின் தடிமன் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு உள்ளே வையுங்கள்.

ஓடி வந்த சூட்டோடு திறக்காதீர்கள். டர்போவும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) எக்ஸாஸ்ட் குழாய்களும் கையைப் பொசுக்கிவிடும். ஆறிய பிறகு, பெட்டியின் மேலும் சுற்றிலும் உள்ள மண், சருகை முதலில் வேக்குவம் செய்துவிடுங்கள். பலர் திறந்த பிறகுதான் துடைக்கிறார்கள். அதற்குள் பாதி உள்ளே விழுந்திருக்கும். பழைய ஃபில்டரைச் சாய்க்காமல், தட்டாமல், கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயைப் பளிச்சென்ற நிறமுள்ள, நூல் பிரியாத துணியால் மூடுங்கள். மூடும்போது அதை எடுக்க மறப்பதும் நடக்கிற தவறுதான் என்பதால், ஒரு முனை வெளியே தொங்கட்டும். ஃபில்டர் இல்லாமல் சத்தம் எப்படி இருக்கிறது என்று ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டக்கூடியது. ஒரு சின்ன வாஷர் போதும் அதை உடைக்க.

பல கார்களில் பெட்டியை விட்டு வெளியேறும் இடத்திலேயே காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். உள்ளே சூடேறும் கம்பியோ மெல்லிய தகடோ உண்டு. விரலால் தொடுவது, கம்ப்ரஸர் காற்று அடிப்பது, கையில் கிடைத்த கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பது எல்லாமே அதைக் கெடுக்கும் வழிகள். கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதற்குப் பூசும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், மிகுதி எண்ணெய் காற்றோடு பறந்து இந்தச் சென்சார் மேல் படியும். காகித ஃபில்டருக்கோ எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அழுத்தக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம்.

இனி வருவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: விளிம்பு. ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர், பெட்டியின் பள்ளத்தில் நான்கு பக்கமும் உட்கார வேண்டும். ஒரு மூலை மடிந்திருந்தாலும் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விடும். எதிர்ப்பு எங்கே குறைவோ அங்கேதானே காற்று போகும்! அதோடு போகும் மண்ணில் இருக்கும் சிலிக்கா கெட்டியானது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவித் தேய்க்கும். இதற்கு எந்த விளக்கும் எரியாது, சத்தமும் வராது. அதனால் பழையதை எடுத்ததும், ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கம் உள்ள சுவரை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் வந்தால் முன்பு மூடியவர் சரியாக மூடவில்லை, அல்லது பெட்டியில் விரிசல் இருக்கிறது. புதிய ஃபில்டர் மட்டும் போட்டால் அது தீராது.

மூடி சுலபமாக உட்காரவில்லையா, கிளிப்பை அழுத்தி மாட்டாதீர்கள். ஃபில்டர்தான் எங்கோ இடறுகிறது. ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இறங்குபவை. முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, பழைய மரையில் டக்கென்று விழுந்ததும் கையால் முடுக்குங்கள். பவர் டூல் வைத்தால் மரை போய்விடும்.

கழற்றிய சின்ன ஹோஸ்களையும் சென்சார் பிளக்கையும் மாட்ட மறந்தால் எஞ்சின் உடனே காட்டிக்கொடுக்கும்: ஐட்லிங்கில் துடிக்கும், செக் எஞ்சின் லைட் எரியும். சென்சாருக்குப் பின்னால் அளக்கப்படாத காற்று நுழைந்தால் பி0171, சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக உள்ள எஞ்சினில் கூடவே பி0174 என்ற பிழைக் குறியீடுகள் வருவது வழக்கம். காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோலைச் சந்தேகப்படும் முன் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைப் பாருங்கள்.

பெட்டியையே தூக்கிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போடுவது பற்றி என் கருத்து: சத்தம் பிடித்தால் போடுங்கள், சக்திக்காகப் போடாதீர்கள். சூட்டை மறைக்கும் தடுப்பு இல்லாமல் வைத்தால் அது எஞ்சின் அறையின் சூடான காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு.

பழைய ஃபில்டரை உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காகிதத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சினின் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிரீதர் அமைப்பைச் சோதிக்க வேண்டும். ஈரக் கறையும் நெளிந்த மடிப்புகளும் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பெட்டியின் அடியில் வடிகால் துளை இருந்தால், அது சருகால் அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள்.