காப்புரிமை வரைவு: வகைப்பாட்டுக் குறியீட்டைப் பார்த்து எழுதும் தவறு

புதிதாகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுபவர்களின் வரைவுகளில் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, படத்தில் எண் மாறுவது எல்லாம் பிறகு திருத்தக்கூடியவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரிவு எழுத்தை வைத்துத் துறையை முடிவுசெய்வது

சர்வதேச காப்புரிமை வகைப்பாட்டில் ஏ முதல் ஹெச் வரை எட்டுப் பிரிவுகள். ஜி என்றால் இயற்பியல். இயற்பியல் என்றால் விளைவைக் கணிக்கலாம், ஓர் எடுத்துக்காட்டு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சமீபத்தில் வந்த ஒரு வரைவு, ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டறியும் கருவி பற்றியது. ஜி பிரிவில், ஜி01என் 33 என்ற குறியீட்டில் வரும். திரை, மின்சுற்று எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. சோதனைக்கே உயிரான ஆன்டிபாடிக்கு, அதாவது அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிர்பொருளுக்கு, ஒரே பத்தி, செய்துபார்த்தது ஒன்றே ஒன்று. கிளெய்மோ, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் பகுதியோ, அந்தப் புரதத்தில் ஒட்டும் எந்த ஆன்டிபாடியையும் கேட்டது. ஏன் இப்படி என்று கேட்டால், “ஜி பிரிவுதானே சார்” என்றார் எழுதியவர். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

வகைப்பாடு ஆவணங்களைத் தேடி எடுப்பதற்கானது. எவ்வளவு விளக்கம் வேண்டும் என்பதை அது சொல்லாது. கியரில் பற்களைக் கூட்டினால் வேகம் என்னவாகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆன்டிபாடியில் ஓர் அமினோ அமிலம் மாறினால் ஒட்டுமா என்பதைச் செய்துபார்த்துத்தான் சொல்ல முடியும். கணிக்க முடியாத தன்மை கூடினால் விளக்கமும் கூட வேண்டும் என்று 1970-லேயே ஃபிஷர் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் ஆம்ஜென், சனோஃபி வழக்கில் 26 ஆன்டிபாடிகளின் அமினோ அமில வரிசை கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், செயல்பாட்டை மட்டும் சொல்லி மொத்த வகையையும் கேட்ட கிளெய்ம்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 26-க்கே அந்தக் கதி என்றால், ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

தாக்கல் செய்த விண்ணப்பத்தின் விவரணையில் அப்புறம் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. முதல் தாக்கலின் தேதியைக் கோர இடம்தரும் 12 மாத முன்னுரிமைக் காலத்துக்குள் புது விண்ணப்பத்தில் சேர்த்தாலும், சேர்த்த பகுதிக்குப் பிந்தைய தேதிதான். அதனால் தாக்கலுக்கு முன்பே ஆய்வகத்தாரிடம் கேளுங்கள்: வேறு எதெல்லாம் ஒட்டியது, எது ஒட்டவில்லை? ஒட்டாததையும் எழுதுங்கள், எல்லை எங்கே என்று காட்டுவது அதுதான். அகலமான கிளெய்முக்குக் கீழே, வரிசையைக் குறிப்பிடும் குறுகிய கிளெய்ம்களும் கட்டாயம் இருக்கட்டும்.

ஒரே குறியீட்டில் தேடி நிறுத்துவது

முந்தைய ஆவணங்களைத் தேடும்போது, அந்தக் கருவிக்கு ஜி01என் 33 மட்டும் போதாது, ஆன்டிபாடிகளுக்கான சி07கே 16-லும் தேட வேண்டும்.

பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டுவது

விளைவைக் கணிக்க முடிகிற இடத்தில் இவ்வளவு விளக்கம் தேவையில்லை, திருகுக்கு இருபது எடுத்துக்காட்டு வேண்டாம்.