முதல் செவிலியர் வேலை: தொலைவூர் அழைப்பையும் பக்கத்து ஊர் வாய்ப்பையும் எடைபோடுவது எப்படி

பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பையோ ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பையோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவெண்ணும் பெற்ற கையோடு, சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து நியமனக் கடிதம் வருகிறது. அதே வாரத்தில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, பாதிச் சம்பளத்துக்குச் சற்று மேலாகச் சொல்லி, வரும் திங்கட்கிழமையே சேரச் சொல்கிறது. வீட்டில் அப்பா சம்பளத் தொகையை இரண்டு முறை படித்துப் பார்க்கிறார். அப்பத்தா, பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் வேலையைப் பொறுத்தவரை தொகையையும் தூரத்தையும் விட முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் இரண்டு ஆண்டுகளில் என் கை எதைக் கற்கும், கற்றுக்கொடுக்க என் பக்கத்தில் யார் நிற்பார்?

இது நம் செட்டிநாட்டு வட்டாரத்துக்குப் புதிய கேள்வி அன்று. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக் கடைகளில் ஒரு பையன் முதலில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி அருகே, உட்கார்ந்து தொழில் பழகினான். பிறகு அடுத்தாள் என்னும் உதவியாளர் ஆனான். நம்பிக்கை வந்த பின்னரே மேலாளாகப் பொறுப்பேற்றான். கடல் கடந்து போனவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குப் போய், கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். யாரிடம் பழகுவது, எத்தனை ஆண்டுக்கு, என்ன ஊதியத்துக்கு என்பதெல்லாம் புறப்படும் முன்பே தீர்ந்திருந்தன. செவிலியர் வேலைக்கும் அந்த முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

நான் இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டுச் சென்னைக்குப் போனவள். பெரிய கட்டடம், பெரிய பெயர். இங்கேதான் எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பினேன். சேர்ந்த ஐந்தாம் நாள் இரவுப் பணியில், மூத்த செவிலியர் ஒருவரும் இல்லாத வார்டில், பதினான்கு நோயாளிகளுடன் தனியாக நின்றேன். அன்று அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்றால் அதற்கு என் திறமை காரணமில்லை. பெரிய மருத்துவமனை தானாகவே நல்ல பள்ளிக்கூடம் ஆகிவிடாது என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். ஆகவே, நேர்காணலிலோ அதற்குப் பிறகு தொலைபேசியிலோ நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். எந்த வார்டில் போடுவார்கள். தனியாகப் பொறுப்புத் தருவதற்கு முன் எத்தனை வாரம் ஒரு மூத்த செவிலியருடன் சேர்ந்து பணி. ஒரு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள். மாதத்தில் எத்தனை இரவுப் பணி. ஷிப்ட் எட்டு மணி நேரமா, பன்னிரண்டா? தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது தர நிர்ணய அமைப்புகள் ஏற்றுக்கொண்ட அளவு. அங்கே இருவர் மூவரை ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள் என்றால், கூடுதல் சம்பளம் எதற்காகத் தரப்படுகிறது என்பது புரிந்துவிடும்.

கேட்டதோடு நிற்காமல், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஷிப்ட் மாறும் வேளையில் மருத்துவமனைக்கு எதிரில் உள்ள தேநீர்க் கடையில் அரை மணி நேரம் இருந்தால் போதும். வெளியே வரும் செவிலியர்களில் ஒருவரிடம், உங்கள் வார்டில் மூன்று ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தால், நியமனக் கடிதத்தில் எழுதாத செய்தி அதுதான். இதே கேள்வியை உள்ளூர் மருத்துவமனையிலும் கேட்க வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சேர்ந்து, காலையில் ஊசி போட்டு, மதியம் பில் எழுதி, மாலையில் மருந்துக் கடையில் நின்று இரண்டு ஆண்டைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். அது உழைப்புதான், ஆனால் அடுத்த வேலைக்குக் காட்டக்கூடிய அனுபவம் ஆகாது.

ஜி.என்.எம். முடித்தவர்கள் படுக்கை எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் பணிக்கான நார்செட் தேர்வில், பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு முன் அனுபவம் தேவையில்லை, ஜி.என்.எம். முடித்தவர்கள் குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். இருபது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தக் கணக்கில் சேராது. தெருவுக்குத் தெரு உள்ள சிறிய மருத்துவமனைகளுக்கும், காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் மதுரையிலோ திருச்சியிலோ உள்ள பெரிய மருத்துவமனைகளுக்கும் இடையே உள்ள முதல் வேறுபாடே இதுதான். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஊர் வந்துவிடக்கூடிய அந்த இரண்டு நகரங்களையும் பலர் யோசிப்பதே இல்லை. ஊர் அல்லது சென்னை என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி சம்பளம். நியமனக் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வரும் தொகை வேறு. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சென்னையில் மொத்தம் 24,000 ரூபாய் என்கிறார்கள். அதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 1,800 ரூபாயும் அடக்கம். உங்கள் பங்காக இன்னொரு 1,800 பிடித்தால் கைக்கு 20,400. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 7,500, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகவும் சில்லறைச் செலவுக்கும் 1,800 என்று வைத்தால் மிச்சம் 11,100. ஊரில் 14,000 ரூபாய் சம்பளம். வைப்பு நிதிக்கு 12 சதவீதம் என்று 1,680, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் என்று 105 போனால் கைக்கு 12,215. பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 2,000 கழித்தால் 10,215. கடிதத்தில் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், கையில் ஆயிரம்கூட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால்தான் இ.எஸ்.ஐ. பொருந்தும், அதில் உங்களைச் சார்ந்திருக்கும், வருமானம் குறைந்த பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்கும் அப்பா உள்ள வீட்டில் அது சிறிய தொகை அன்று. மாறாக, சென்னையில் விடுதியும் உணவும் இலவசம் என்றால் மேலே சொன்ன கணக்கு மாறி, வித்தியாசம் பெரிதாகிவிடும். கல்விக் கடன் வாங்கியிருந்தால், பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

உள்ளூர்ச் சம்பளம் குறைவு என்று நீங்கள் நினைப்பது தவறில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆணையையடுத்து அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் அந்தப் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. ஆனாலும் சம்பளம் பேசும்போது அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பக்கத்து வாய்ப்பு என்றால் தனியார் மட்டும் இல்லை. 2012 முதல் இயங்கும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியும், காரைக்குடி அரசு மருத்துவமனையும் இந்தப் பகுதியிலேயே உள்ளன. அரசு செவிலியர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்கிறது. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களும் அவ்வப்போது ஒப்பந்த இடங்களை அறிவிக்கின்றன. முதலில் தொகுப்பூதியம், நிரந்தரம் பின்னால்தான். அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், அதற்காகவே வீட்டில் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கே வேலை பார்த்தாலும் விண்ணப்பிக்கலாம். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு படிக்க உங்களுக்குத் தெம்பு இருக்குமா என்பதே கேள்வி.

வளைகுடா நாட்டு அழைப்பு என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும்பாலும் அனுபவம் கேட்பார்கள். அனுபவமே இல்லாதவருக்கு உடனே விசா என்று ஒரு முகவர் சொன்னால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது.

எல்லாம் பார்த்து வெளியூர்தான் என்று முடிவு செய்தால், கையெழுத்திடும் முன் கடிதத்தில் மூன்று இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள்: எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அனுபவச் சான்றிதழ் எப்போது தருவார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம்; அவர்கள் அலமாரியில் விட்டுவிட்டு வரக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால் ஒரு வாரம் கேட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரு வாரம்கூடத் தர மறுக்கும் இடம், பின்னாளில் அவசர விடுப்புக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். வேறு மாநிலம் என்றால், அந்த மாநிலச் செவிலியர் குழுமத்திலும் பதிவு வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றுக்குத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் புறப்படும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு ஒரு தாளில், எந்தத் தேதியில் இந்த முடிவை மறுபடி பார்ப்பீர்கள், அதற்குள் எந்தெந்த வேலையைத் தனியாகச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று எழுதி, ஒரு படியை வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பல்லவன் ரயிலில் ஏறுங்கள்.