வாசிகசாலைச் சுவரில் ஊர்ச் சித்திரம்: அனுமதிக் கடிதம் முதல் பராமரிப்பு வரை

சுவரோவியத்துக்கு ஒதுக்கும் காலத்தில் பெரும்பகுதி வரையத் தொடங்குவதற்கு முன்பே செலவாக வேண்டும். ஊரோடு பேசவும் சுவரை ஆயத்தப்படுத்தவும் ஐந்து மாதம், வரைய இரண்டு மூன்று வாரம் என்று கணக்கு வையுங்கள். யாழ்ப்பாணத்துக் காலநிலையும் இதற்குத் தோதானது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மாரி; அப்போது வரைய முடியாது, ஆனால் கூட்டம் கூட்டலாம், சுவர் எங்கே நனைகிறது என்று பார்க்கலாம். ஜனவரியில் ஓவியரையும் வரைவையும் முடிவு செய்து, பெப்ரவரியில் சுவரைத் திருத்தி, மார்ச்சில் வரையுங்கள். ஓகஸ்ட் பக்கம் தள்ளிப் போட்டால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆட்கள் கிடைப்பது கடினம். செப்ரெம்பரில் தொடங்கினால் மழை துரத்தும்.

1. சுவர் யாருடையது?

பிரதேச சபை அல்லது நகர சபை நூலகமென்றால் சபைச் செயலாளருக்கும், மாநகர சபையென்றால் ஆணையாளருக்கும் கடிதம் எழுத வேண்டும். நூலகர் வாயால் சொன்ன சம்மதம் போதாது. அவர் இடமாற்றம் பெற்றால் அந்தச் சம்மதமும் போய்விடும். சனசமூக நிலைய வாசிகசாலையென்றால் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து பிரதி எடுத்து வையுங்கள். காணியை நன்கொடையாகக் கொடுத்தவரின் பெயரிலேயே உறுதி இருக்கக்கூடும். அப்படியானால் அந்தக் குடும்பத்தின் எழுத்துச் சம்மதமும் தேவை.

கடிதத்தோடு சுவரின் படம், நீள உயரம், வேலை நடக்கும் நாட்கள், பிற்காலப் பராமரிப்பை யார் ஏற்பது ஆகியவற்றை இணையுங்கள். அடுத்த ஐந்து வருடத்துக்குள் கட்டடத்தைப் பெருப்பிக்கவோ மதிலை இடிக்கவோ திட்டம் உண்டா என்ற கேள்வியையும் அதிலேயே கேளுங்கள். சாரக்கட்டு பிரதான வீதிக்குள் நீளுமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் பேச வேண்டும்.

2. மாரியில் சுவரைப் பாருங்கள்

வடகீழ்ப் பருவமழை வடக்கு, கிழக்குச் சுவர்களில் அடிக்கும். மேற்குச் சுவர் பின்னேர வெயிலில் கொதிக்கும். கூரை இரண்டடியாவது வெளியே நீண்டு நிற்கும் சுவர் எந்தத் திசையில் இருந்தாலும் நல்லது. பெருமழை விட்ட மறுநாள் போய், ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, மேலிருந்து ஒழுகுகிறதா, பீலி உடைந்திருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள். பீலியைத் திருத்தாமல் பெயின்ற் வாங்குவது வீண்செலவு.

மழை விட்டு இரண்டு கிழமை போனதும் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவரென்றால் வேறு இடம் தேடுவதே நல்லது. அது மூச்சுவிடும் சுவர். அக்ரிலிக் பெயின்ற் அதை மூடிவிட, உள்ளே தங்கும் ஈரம் பெயின்றைக் கொப்பளமாகத் தூக்கிவிடும்.

3. ஊரைக் கேட்பது

இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அது ஊரின் ஓவியமாகாது. முடித்த வரைவைக் கொண்டுபோய் “பிடிச்சிருக்கோ?” என்று கேட்பது கலந்தாலோசனை அல்ல. மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

“என்ன வரையலாம்?” என்றும் கேட்காதீர்கள். பனைமரம், வீணை, திறந்த புத்தகம், நல்லூர்க் கோபுரம் என்று முன்பே பார்த்த படங்கள்தான் வரும். பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்த ஒழுங்கையில் முன்பு இருந்து இப்போது இல்லாதது எது? இந்த வாசிகசாலையில் முதன்முதல் எடுத்து வாசித்தது எது? உங்கள் பிள்ளை இந்தச் சுவரைக் கடக்கும்போது எதைக் காண வேண்டும்? ஒவ்வொரு பதிலையும் தனித்தனி அட்டையில் எழுதி, வாசிகசாலைக்குள்ளேயே ஒரு மாதம் தொங்கவிடுங்கள். பிறகு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்களுடையதைச் சேர்ப்பார்கள்.

ஒரே கூட்டத்தில் எல்லோரையும் பிடிக்க முடியாது. பின்னேரம் ஆறு மணிக் கூட்டத்துக்கு ஆண்கள்தான் அதிகம் வருவார்கள், பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள். பெண்களுக்கு முற்பகல் பத்து மணி, பிள்ளைகளுக்குச் சனி காலை, தோட்ட வேலைக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு அவர்கள் ஓயும் நேரம் என்று குறைந்தது நான்கு அமர்வு வையுங்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் வேண்டாம். அங்கே கால் வைக்கத் தயங்குகிறவர்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களும், வேறு சமயத்தவரும் அதே வாசிகசாலையின் வாசகர்கள்தான். வராதவர்களின் வீட்டுப் படலைக்குப் போய்க் கேளுங்கள்.

1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதில் அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எந்த அமர்விலும் பேச்சில் வரும். அதை வரைவதா, வேறு வகையில் குறிப்பதா, தவிர்ப்பதா என்பதை ஓவியரிடமோ குழுத் தலைவரிடமோ விடாமல் தனி அமர்வில் ஊரே முடிவெடுக்கட்டும். தனிமனித முகங்களைத் தவிர்ப்பது நல்லது. ஒருவரை வரைந்தால் விடுபட்டவரின் உறவுகளுக்கு மனம் நோகும்.

4. ஓவியரைத் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தவர்கள், பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள், விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் என மூன்று பக்கமும் தேடுங்கள். புதிதாக முடித்த ஓவியத்தின் படத்தைவிட, இரண்டு மாரி கண்ட ஓவியத்தின் இன்றைய நிலையைக் கேட்டுப் பாருங்கள். மூவரைத் தெரிந்து, அட்டைகளையெல்லாம் காட்டி, மாதிரி வரைவு கேளுங்கள். மூன்று வரைவுக்கும் பணம் கொடுக்க வேண்டும். இலவசமாக வரைவு கேட்பது தொழிலை மதிக்காத பழக்கம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். அளவு, பெயின்ற் வகை, யார் எதை வாங்குவது, எத்தனை திருத்தம், விபத்துப் பொறுப்பு ஆகியவை இருக்கட்டும். கொடுப்பனவை ஒப்பமிடும்போது 30 வீதம், கோட்டுருவம் சுவரில் ஏறியதும் 30, முடிந்ததும் 30, முதல் மாரி கழிந்து பார்த்தபின் 10 என்று பிரிக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி தன் பெயர் குறிக்கப்படவும், படைப்பைத் தன் மதிப்புக்குக் கேடாகச் சிதைப்பதை மறுக்கவும் ஓவியருக்கு உரிமை உண்டு. எனவே பின்னாளில் யார் திருத்தலாம், எப்போது அழிக்கலாம், படத்தை நாட்காட்டியில் அச்சிடலாமா என்பதையெல்லாம் இப்போதே எழுதிவிடுங்கள்.

5. சுவரை ஆயத்தம் செய்தல்

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். கழுவ வேண்டிய இடத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாவிக்காதீர்கள். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் பலர் தவறுவது இங்கேதான்: சுவரைக் கழுவுகிறோம் என்று உப்பை ஏற்றிவிடுகிறார்கள். பவுசர் தண்ணீர் அல்லது சேமித்த மழைநீர் எடுங்கள்.

பழைய பெயின்றில் கறுப்புத் துணியைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் சுரண்டிக் கழுவ வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அதை நனைத்தே தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அருகில் நிற்கக்கூடாது. வெடிப்புகளை ‘வி’ வடிவில் வெட்டி, வெளிச்சுவருக்கான ஃபில்லரால் அடைத்து, காய்ந்ததும் காரம் தாங்கும் பிரைமர் ஒரு பூச்சு பூசுங்கள்.

6. எவ்வளவு பெயின்ற்?

30 அடி நீளம், 10 அடி உயரம், ஆக 300 சதுர அடி என்று வைப்போம். சொரசொரப்பான சீமெந்துப் பூச்சில் ஒரு லீற்றர் பிரைமர் ஏறத்தாழ 75 சதுர அடிக்கு வரும். 4 லீற்றர் வேண்டும். வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தரத்துக்கு 8 லீற்றர். நிறங்கள் எல்லாம் சேர்த்து, சிந்துவதையும் கணக்கில் எடுத்து, 10 லீற்றர். மேற்பூச்சுக்கு நிறமற்ற வார்னிஷ் 6 லீற்றர்.

நிறங்களுக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்சன் மட்டும் வாங்குங்கள். எனாமல் சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி இளகிவிடும். காவி, மண்மஞ்சள், கறுப்பு, வெள்ளை, கடும் நீலம், கடும் பச்சை வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற ரோசா, ஊதா சீக்கிரம் வெளிறும். அவற்றைச் சிறு இடங்களுக்கு மட்டும் வையுங்கள்.

7. வரைதல்

வரைவை ஒரு அங்குலம் ஒரு அடி என்ற அளவில் செய்தால் வேலை இலகு. வரைவில் ஒரு அங்குலக் கட்டம், சுவரில் சோக்கு நூல் அடித்து ஒரு அடிக் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் கோட்டைப் பெயர்த்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நிற எண்ணைச் சோக்கால் எழுதுங்கள். எண்ணைப் பார்த்து யாரும் நிறம் நிரப்பலாம். ஓரங்களையும் நுணுக்கங்களையும் ஓவியர் கடைசியில் திருத்துவார் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் திருத்தினால், தான் பூசியது அழிந்ததே என்று பிள்ளை அழும்.

ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நான்கடி உயரம் வரை சிறுவர், ஏழடி வரை பெரியவர், சாரக்கட்டில் ஓவியரும் உதவியாளரும் மட்டுமே. காலை ஆறரை முதல் பத்து வரை, பின்னேரம் நாலு முதல் ஆறு வரை நல்ல நேரம். மேற்குச் சுவருக்குக் காலை மட்டும். கொதிக்கும் சுவரில் பெயின்ற் பிடிக்குமுன் காய்ந்து, தூரிகைத் தடம் விழும், பிறகு உரியும்.

தூரிகை கழுவிய தண்ணீரை நிலத்தில் ஊற்றவே வேண்டாம். சுண்ணக்கல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குப் போகும். வாளியில் அடைய விட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் கழிவோடு சேருங்கள். மேல் தண்ணீரால் அடுத்த தரம் கழுவலாம்.

8. முடிந்த பிறகு

நிறங்கள் ஒரு கிழமை காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு பூச்சு. அடியில் ஓரடி உயரத்துக்குக் காவி நிறப் பட்டை விடுங்கள். வலிகாமத்துச் செம்மண் மழையில் தெறித்து ஒட்டுவது அதில் தெரியாது. சைக்கிள் சாத்தும் சுவரென்றால் பக்கத்தில் சைக்கிள் தாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஹாண்டில் அதே உயரத்தில் நெடுகக் கீறும்.

கண்ணீர் அஞ்சலியும் ரியூசன் விளம்பரமும் தேர்தல் சுவரொட்டியும் வெறுஞ்சுவரைத்தான் தேடி வரும். ஊருக்கு மரண அறிவித்தல் ஒட்ட ஓரிடம் வேண்டும். அதற்கென நாலடிப் பலகை ஒன்றை வாசலருகே நாட்டுங்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் கால் லீற்றர் போத்தலில் அடைத்து, பெயரும் இலக்கமும் எழுதி, வாசிகசாலை அலுமாரியில் வெயில் படாமல் வையுங்கள். ஆண்டுதோறும் பெப்ரவரியில் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து முந்திய ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். உரியத் தொடங்கிய இடம் உள்ளங்கை அளவாக இருக்கும்போதே சுரண்டி, பிரைமர் பூசி, போத்தலில் உள்ள நிறத்தால் நிரப்புங்கள்.