பிரேக் பைப் மாத்தப் போறீங்களா? பழைய நட்டை தூக்கிப் போட்றாதீங்க

பிரேக் ஆயில் டப்பால வாரா வாரம் லெவல் இறங்குது, வீல் பக்கம் எங்க பாத்தாலும் ஈரமே இல்ல, அப்படின்னா வண்டிக்கு அடியில படுத்து பிரேக் ஆயில் போற இரும்பு பைப்பை ஒரு தடவை பாத்துடுங்க. எங்க வீட்டு 2004 மாருதி 800ல அப்படித்தான் ஆச்சு, திருவான்மியூர் கடல் காத்துல வருஷக்கணக்கா நின்ன வண்டி, பைப்பை வண்டியோட அடித்தட்டுல புடிச்சிருக்கிற கிளிப்புக்குள்ள மண்ணும் ஈரமும் சேந்து அங்கதான் அரிச்சிருக்கு, வெளிய பாத்தா லேசான துரு மாதிரிதான் தெரிஞ்சுது, ஸ்க்ரூ டிரைவர் முனையால சுரண்டினேன், செதில் செதிலா உதிர்ந்து ஒரு சொட்டு ஆயில் மெதுவா எட்டிப் பாத்துச்சு.

அந்த இடத்தை மட்டும் அறுத்துட்டு நடுவுல ஒரு ஜாயின்ட் போட்டுக்கலாம், வெல்டிங் வச்சுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. டயர்ல இருக்கிற காத்தழுத்தம் 30 பிஎஸ்ஐ, பிரேக்கை ஓங்கி மிதிச்சா இந்த பைப்புக்குள்ள 1000 பிஎஸ்ஐக்கு மேல போகும். முழு பைப்பா மாத்துறதுதான் சரி.

முதல்ல அளவு. பெரும்பாலான கார்ல பைப்போட வெளி விட்டம் 4.75 மிமீ, கடைல 3/16ன்னு கேட்டாலும் அதேதான். நீளத்துக்கு டேப் வச்சு அளந்தா வளைவுல ஏமாந்துடுவீங்க, ஒரு சணல் கயிறை பழைய பைப் மேலயே வளைச்சு வளைச்சு ஒட்டிட்டுப் போய் அறுத்து எடுத்துக்கோங்க, அதுக்கு மேல ஒரு சாண் சேத்து வாங்குங்க, ஃப்ளேர், அதாவது பைப் முனையை விரிச்சு விடுறது, ஒரு தடவை சொதப்பினா அறுத்துட்டு மறுபடி அடிக்க வேணும்ல.

இப்ப நட்டு. இங்கதான் நான் காசை விட்டேன். ஜப்பான், ஐரோப்பா வழி வந்த கார்ல அனேகமா 10 மிமீ நட்டு, மரை 1.0 பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1 மிமீ இடைவெளி. அமெரிக்க வண்டிக்கு வர்றது 3/8 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 24 மரை. 3/8ன்னா 9.5 மிமீ சொச்சம், ரெண்டையும் பக்கத்துல வச்சா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வீட்டு டப்பால கெடந்த ஒண்ணை எடுத்து மாட்டினேன், லொடலொடன்னு மூணு நாலு சுத்து கையாலயே போச்சு, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், ஸ்பேனர் போட்டு இறுக்கினேன், பைப் போய் சேர்ற வீல் சிலிண்டர், அதான் வீலுக்குள்ள பிரேக்கைத் தள்ளுற உருளை, அதோட மரையே வழிச்சுக்கிட்டு வந்துடுச்சு. நூறு ரூபா மிச்சம் புடிக்கப் போய் புது வீல் சிலிண்டர்! அதனால பழைய நட்டை பைப் துண்டோட சேத்தே சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போங்க, "மாருதிக்கு ஒரு நட்டு குடுண்ணே"ன்னு வெறும் வாயால கேக்காதீங்க.

மரை சரியா இருந்தாலும் வேலை முடியல. பைப் முனையைப் பாருங்க. புனல் மாதிரி வெளிய விரிஞ்சு, ஓரம் உள்பக்கமா மடிஞ்சிருந்தா அது டபுள் ஃப்ளேர், மாருதி மாதிரி ஜப்பான் வழி வண்டில இதுதான். உருண்டையா குமிழ் மாதிரி இருந்தா பபிள் ஃப்ளேர், ஐரோப்பிய வண்டில அதிகம். ரெண்டுக்கும் அதே 10 மிமீ நட்டு மரை இருக்கும், அழகா ஏறி இறுகவும் செய்யும், ஆனா உள்ள உக்கார்ற இடம் வேற, மிதிச்சதும் கசியும். கசிவை நிறுத்துறது மரை இல்ல, அந்த ஃப்ளேர்தான், அதனால டெஃப்லான் டேப் சுத்துறதெல்லாம் குழாய் வேலையோட நிக்கட்டும்.

பைப் மெட்டீரியல்ல என் ஓட்டு குப்ரோ நிக்கலுக்கு. செம்போட 10 சதவீதம் நிக்கல் கலந்தது, துரு புடிக்காது, கையாலயே வளையும், ஃப்ளேர் சுளுவா விழும். கம்பெனி ஸ்டீல் பைப் கிடைச்சா அதுவும் நல்லதுதான், வளைச்சே வந்துடும். ஆனா ஃப்ரிட்ஜ், ஏசிக்குப் போடுற வெறும் செம்பு பைப்பை யாராவது நீட்டினா வேணாம்னுடுங்க, அதிர்வுல இறுகி இறுகி ஒரு நாள் கீறல் விடும். பளிச்சுனு செவப்பா இருந்தா சந்தேகப்படுங்க, குப்ரோ நிக்கல் கொஞ்சம் வெளிறின நிறம்.

அறுக்க ஹாக்ஸா வேணாம், பைப் கட்டர்தான், இல்லன்னா தூள் உள்ள போய் உக்காந்துக்கும். நட்டை உள்ள கோத்துட்டு அப்புறம் ஃப்ளேர் அடிங்க, இதை மறக்காதவன் எவனும் இல்ல, நானும் மறந்தேன். கழட்ட மாட்ட ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிடுங்க, சாதா ஸ்பேனர் துருப்புடிச்ச நட்டை உருட்டி விட்டுடும்.

வீல் பக்கம் இருக்கிற ரப்பர் ஹோஸையும் கையோட பாருங்க. மடக்கிப் பாத்தா வெடிப்பு தெரிஞ்சா ஜோடியா மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் வேணாம். சில ஹோஸ் வெளிய புதுசு மாதிரி இருக்கும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும், பிரேக் விட்டப்புறமும் அந்த வீல் மட்டும் புடிச்சுக்கிட்டு சூடாகும். ஹோஸ் முனையில பாஞ்சோ போல்ட் (நடுவுல ஆயில் போற ஓட்டை உள்ள போல்ட்) இருந்தா ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர் போடணும். மாட்டினதும் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஹோஸ் இழுக்குதா டயர்ல உரசுதான்னு பாத்துக்கோங்க.

பிரேக் ஆயில் டப்பா மூடி மேல டாட் 3ன்னு ஆயில் வகை போட்டிருந்தா 3, 4ன்னா 4, டாட் 5 சிலிக்கான், அதை இதோட கலக்கவே கூடாது. ஆயில் பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. பைப்புக்குள்ள மாட்டின காத்தை வெளியேத்தி, அதான் ஏர் எடுத்து முடிச்சதும் இன்ஜினை ஓட விட்டு பெடலை ஓங்கி மிதிச்சு ஒரு நிமிஷம் அப்படியே புடிங்க, இன்னொருத்தர் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டிஷ்யூ பேப்பரை ஒத்தி எடுக்கட்டும், ஈரம் பட்டா வண்டியை வெளிய எடுக்காதீங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு இதே டிஷ்யூ வேலையை மறுபடி ஒரு தடவை பண்ணிடுங்க.