டோனர் செல் எவ்வளவு, பேஷண்ட் செல் எவ்வளவு: கைமரிசம் கணக்கு போடுறது எப்படி

எலும்பு மஜ்ஜை மாத்துனதுக்கு அப்புறம் பேஷண்ட் ரத்தத்துல டோனர் செல்லும் பேஷண்ட் செல்லும் கலந்திருக்குறதுதான் கைமரிசம். கோலாலம்பூர்ல லேப்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறதால எழுதுறேன். பிசிஆர் (டிஎன்ஏவ காப்பி எடுத்து பெருக்குறது), எஸ்டிஆர் (திரும்பத் திரும்ப வர்ற குட்டி டிஎன்ஏ துண்டு, எத்தன தடவை வருதுங்குறது ஆளுக்கு ஆள் மாறும்) அடிப்படை தெரியும்னு வச்சுக்குறேன்.

1. எலும்பு மஜ்ஜை மாத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரோட டிஎன்ஏவும் கையில இருக்கணும். பேஷண்டோடது விட்டுப்போச்சுன்னா அப்புறமா கன்னத்துல ஸ்வாப் எடுக்காதீங்க, எச்சில்ல டோனரோட வெள்ளையணு கலந்துடும், முடி வேர் தேவலாம்.

2. ரெண்டு பேரோட எஸ்டிஆர் ப்ரொஃபைலையும் பக்கத்துல வச்சு வித்தியாசமான மார்க்கர (எஸ்டிஆர் இருக்குற இடம்) மட்டும் எடுங்க. அக்கா தம்பிக்கு குடுத்திருந்தா நிறைய ஒத்துப்போகும், அதனால 15 மார்க்கருக்கு மேல இருக்குற கிட்தான் நல்லது.

3. இங்க நிதானமா இருங்க. ஒரு மார்க்கர்ல ரிப்பீட் எண்ணிக்கை டோனருக்கு 12, 14, பேஷண்டுக்கு 12, 16னா 12 பொது, அத விட்டுடுங்க. 14 பீக் (மெஷின் கிராஃப்ல வர்ற மேடு) ஏரியா 5700, 16 ஏரியா 300னா, 300ஐ 6000ஆல வகுத்தா பேஷண்ட் 5%, டோனர் 95%.

ஆனா பேஷண்டுக்கு 16க்கு பதிலா 13 இருந்தா? பிசிஆர் வழுக்குறதால ஒவ்வொரு பீக்குக்கும் ஒரு ரிப்பீட் கம்மியா நிழல் மாதிரி ஒரு குட்டி பீக் வரும், அதுதான் ஸ்டட்டர், 14ஓட ஸ்டட்டர் நேரா 13ல போய் உக்காரும். 14 ஏரியா 5000, ஸ்டட்டர் 400னா பேஷண்ட் செல் 7% திரும்பிடுச்சுன்னு ரிப்போர்ட் போயிடும், அந்த நம்பர பாத்துட்டு ஒரு குடும்பமே ராத்திரி தூங்காது. அந்த மார்க்கர கணக்குல சேக்காதீங்க, சந்தேகம்னா டோனரோட பழைய சாம்பிள்லயே 13ல எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க.

ஜீன்மேப்பர் சாஃப்ட்வேர்ல பீக் மட்டும் எடுத்துட்டு கணக்க எக்செல்லதான் போடுவேன், எந்த பீக்க ஏன் விட்டோம்னு கண்ணு முன்னாடி இருக்கும்.

4. முழு ரத்தம் மட்டும் போதாது. அதுல இருக்குற வெள்ளையணுல கிரானுலோசைட்ங்குற வகைதான் நிறைய, அது 100% டோனர்னு காட்டுறப்பவே இன்னொரு வகையான டி செல் கலப்பா இருக்கலாம். சிடி3 (டி செல் அடையாளம்), சிடி33 (கிரானுலோசைட் இருக்குற மைலாய்டு வகை செல் அடையாளம்) காந்த மணி வச்சு பிரிச்சு தனித்தனியா ஓட்டுங்க. கலப்பு 1லேருந்து 5%க்கு கீழ போச்சுன்னா எஸ்டிஆருக்கு கண்ணு தெரியாது, அதுக்கு கீழ வேணும்னா குவான்டிடேட்டிவ் பிசிஆர்.

அப்டேட்: அக்கா டோனர், தம்பி பேஷண்ட், எக்ஸ் ஒய் ஃபிஷ் (எக்ஸ், ஒய் குரோமோசோமுக்கு ஒளிர்ற கலர் போட்டு மைக்ரோஸ்கோப்ல எண்ணுறது) மட்டும் போதுமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. நல்லா வேலை செய்யும், ஆனா சில லுக்கீமியா செல்லு ஒய் குரோமோசோமையே தொலைச்சிடும், அப்போ தம்பியோட செல்லு ஃபிஷ்ல ஒய் இல்லாமதான் தெரியும், அதனால எஸ்டிஆரும் சேத்து ஓட்டுங்க. ஒரே கரு இரட்டையர்னா எஸ்டிஆராலயும் பிரிக்க முடியாது.