உலோகத்தை இ.எஸ்.ஆரில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்தப் புலத்தில் வைத்த பொருளின் எலக்ட்ரான்கள் நுண்ணலையை உறிஞ்சுவதை அளக்கும் முறைதான் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு, அதாவது இ.எஸ்.ஆர். அதில் உப்புகளை அளந்து பழகியவர்கள் அதே பழக்கத்தில் உலோகத் துண்டையும் கருவிக்குள் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வழக்கமான 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை, அறை வெப்பநிலையில் செம்புக்குள் சுமார் 0.7 மைக்ரான் வரைதான் இறங்கும். லித்தியத்தில் ஏறக்குறைய 1.6 மைக்ரான். அதற்கும் உள்ளே இருப்பதை அலை நேரடியாகத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க, கிடைத்த சமிக்ஞையை மொத்த எடையால் வகுத்து 'ஒரு கிராமுக்கு இவ்வளவு காந்த ஏற்புத்திறன்' (காந்தப் புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு) என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

துகள்கள் அந்த ஆழத்தைவிடச் சிறியதாக இருக்கும்படி பொடியாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பாரஃபின் மெழுகில் பரப்புவதுதான் நல்ல வழி. லித்தியம், சோடியம் என்றால் ஆர்கான் வாயுவுக்குள் வைத்தே செய்யுங்கள். காற்று பட்டால் உலோகம் போய் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும்தான் மிஞ்சும்.

தடித்த துண்டில் இன்னொரு சிக்கல். அலை மேற்பரப்பு அடுக்கிலேயே தேய்ந்துவிடுவதாலும், எலக்ட்ரான்கள் அந்த அடுக்குக்கு வந்து போய்க்கொண்டே இருப்பதாலும், கருவி வரையும் சமிக்ஞைக் கோடு ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து தெரியும். இதன் கணக்கை இயற்பியலாளர் டைசன் 1955லேயே போட்டுவிட்டார். ஆனாலும் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைப் பார்த்து ஜி மதிப்பை (ஒத்ததிர்வு எந்தக் காந்தப் புலத்தில் வருகிறது என்பதைக் காட்டும் எண்ணை) குறித்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. டைசன் வடிவத்தை முழுக் கோட்டுக்கும் பொருத்தித்தான் அதை எடுக்க வேண்டும்.

ஏற்புத்திறன் ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளைத் தனியாக, வேறொரு நேரத்தில் அளப்பதும் தவறு. உலோகம் உள்ளே போனதும் கேவிட்டியின், அதாவது மாதிரியை வைக்கும் நுண்ணலைப் பெட்டியின், தரக்காரணி (அலையின் ஆற்றலை அது எவ்வளவு நன்றாகத் தேக்கிவைக்கிறது என்பதன் அளவு) விழுந்துவிடும். அப்புறம் இரண்டு சமிக்ஞைகளின் பரப்பளவுகளை ஒப்பிட வழியில்லை. 1956ல் இயற்பியலாளர்கள் ஷூமாக்கரும் ஸ்லிக்டரும் இதை அழகாகத் தாண்டினார்கள்: அதே லித்தியம் மாதிரியின் அணுக்கரு ஒத்ததிர்வையே அளவுகோலாக வைத்து எலக்ட்ரான்களின் ஏற்புத்திறனைக் கண்டார்கள்.

பண்பேற்றப் புலம், அதாவது சமிக்ஞையைப் பிரித்தெடுக்க முக்கியப் புலத்தின்மேல் சேர்க்கும் சிறிய அலைவுப் புலம், கோட்டின் அகலத்தைவிட நன்றாகக் குறைவாக இருக்கட்டும். எஃகு இடுக்கி வேண்டாம், இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரும்பு, நிக்கல் போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றில் தெரிவது ஃபெர்ரோ காந்த ஒத்ததிர்வு, அதாவது ஒன்றாக வரிசைப்பட்ட எலக்ட்ரான்களின் கூட்டு ஒத்ததிர்வு. மாதிரியின் வடிவமே கோட்டை நகர்த்திவிடும். 1946ல் கிரிஃபித்ஸ் இத்தகைய உலோகங்களில் கண்ட விசித்திர ஜி மதிப்புகளுக்கு இயற்பியலாளர் கிட்டெல் சொன்ன விளக்கமும் இதுதான்.

கடைசியாக, குளிரவைத்துப் பாருங்கள். கடத்து எலக்ட்ரான்களின், அதாவது உலோகத்தில் மின்சாரத்தைச் சுமந்து திரியும் எலக்ட்ரான்களின், ஏற்புத்திறன் வெப்பநிலையோடு அநேகமாக மாறாது. பொடியில் சமிக்ஞையின் பரப்பளவு வெப்பநிலைக்குத் தலைகீழாக ஏறினால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது உலோகத்தை அல்ல, அதில் கலந்த காந்த மாசை.