புக்கெட்டிலிருந்து லங்காவிக்குச் சொந்தப் படகில்: குடிநுழைவு, சுங்க வேலைகளை முடிப்பது எப்படி?

விமானத்தில் போனால் இறங்கியதுமே வரிசை, கவுண்டர், அம்புக்குறி எல்லாம் தயாராக இருக்கும், கூட்டத்தோடு நடந்தால் போதும். பாய்மரப் படகில் ஒரு நாட்டுக்குள் போகும்போது அந்த வசதி கிடையாது. எந்தத் துறைமுகத்தில் நுழையலாம், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும், கையில் என்னென்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் கேப்டன் பொறுப்பு. முதல் தடவை போகிறவர்கள் பயப்படுவதே இதற்குத்தான். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து மலேசியாவின் லங்காவிக்குப் போவதை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். பழகுவதற்கு நல்ல பாதை, ஏறக்குறைய 120 கடல் மைல்.

படி 1: வேலை புக்கெட்டிலேயே தொடங்குகிறது

லங்காவியில் அதிகாரி முதலில் கேட்பது கடப்பிதழாக இருக்கலாம், ஆனால் உங்களை உள்ளே விடுவதும் அலைய விடுவதும் முந்தைய துறைமுகம் கொடுத்த வெளியேற்ற அனுமதிதான். போர்ட் கிளியரன்ஸ் என்பார்கள். அது இல்லாமல் போய் நின்றால், தாய்லாந்தை விட்டு முறைப்படி கிளம்பினீர்களா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. புக்கெட்டின் தெற்கே சலோங் விரிகுடாவில் நீளமான ஒரு படகுத்துறை இருக்கிறது. குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் மூன்றையும் அங்கேயே முடிக்கலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

கடப்பிதழில் வெளியேறும் முத்திரை விழுந்த பிறகு வழியில் லீப்பே தீவைப் பார்த்ததும் இறங்கி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஆசை வரும். அழகான இடம்தான், ஆனாலும் இறங்காதீர்கள். கணக்குப்படி நீங்கள் தாய்லாந்தை விட்டுப் போய்விட்டீர்கள், மறுபடி கால் வைத்தால் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் இருப்பதாக ஆகிவிடும். இரவில் ஓய்வுக்காக எங்காவது நங்கூரம் போட வேண்டியிருந்தால் அதைச் சலோங்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: க்ரூ லிஸ்ட்

படகில் இருக்கும் ஆட்களின் பட்டியல்தான் இது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல் இந்த ஒரு தாளில்தான் வருகிறது. மேலே படகின் பெயர், பதிவு எண், எந்த நாட்டுக் கொடி, எங்கிருந்து எங்கே. கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: கடப்பிதழில் உள்ளபடியே முழுப் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, கடப்பிதழ் எண், அது காலாவதியாகும் தேதி, படகில் அவருக்கு என்ன வேலை. அடியில் கேப்டன் கையெழுத்து, படகின் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் எதற்கு என்று நினைக்காதீர்கள். சின்ன செலவுதான், ஆனால் கவுண்டரில் அது இருந்தால் காகிதத்துக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நம் ஆட்களுக்குப் பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அப்பா பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, இனிஷியலா முழுப் பெயரா என்பதைக் கடப்பிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒன்றைக் கேட்பார்கள்.

ஒருமுறை எங்கள் படகில் நான்கு பேர் என்று பட்டியல் கொடுத்து வெளியேற்ற அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அன்று மாலையே ஒரு நண்பருக்கு வீட்டில் அவசரம், விமானம் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் பழைய பட்டியலோடு கிளம்பி வந்து சேர்ந்தோம். காகிதத்தில் நான்கு பேர், படகில் மூன்று பேர். நான்காவது ஆள் கடலில் விழுந்தாரா, வழியில் எங்காவது இறக்கிவிட்டீர்களா என்று அதிகாரி கேட்டார், கேட்டதில் நியாயம் இருந்தது. நண்பரின் விமானச் சீட்டை வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் காட்டி முடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. ஆள் கூடினாலும் குறைந்தாலும் கிளம்புவதற்கு முன் பட்டியலை மாற்றி மறுபடி முத்திரை வாங்குங்கள்.

படி 3: மற்ற காகிதங்கள்

படகின் பதிவுச் சான்றிதழ் அசல், காப்பீடு, குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ்கள். மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற இணைய வருகைப் படிவம் உண்டு. சிங்கப்பூர் குடிமக்கள், மலேசிய நிரந்தரவாசிகள் போன்ற சிலரைத் தவிர மற்ற வெளிநாட்டவர் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கடலில் சிக்னல் கிடைக்காது, அதனால் புக்கெட்டிலேயே முடித்துவிடுங்கள். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமல் தங்கும் சலுகை வந்தது. இப்படிப்பட்ட சலுகைகள் நீட்டிப்பைப் பொறுத்தவை, கிளம்பும் வாரத்தில் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு இருக்கட்டும். துப்பாக்கி இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது, ஏறுகிறவர்களின் பையில் என்ன இருக்கிறது என்று கேப்டன் தயக்கமில்லாமல் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

படி 4: மஞ்சள் கொடி

தாய்லாந்தின் தாருத்தாவ் தீவைத் தாண்டியதும் லங்காவி பக்கத்திலேயே தெரியும். மலேசியக் கடலுக்குள் வந்ததும் பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குக் கம்புக்குக் கீழே மஞ்சள் நிறச் சதுரக் கொடியை ஏற்றுங்கள். கியூ கொடி என்பார்கள். 'என் கலத்தில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டுகிறேன்' என்று அதற்குப் பொருள். அனுமதி கிடைத்ததும் அதை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மலேசியக் கொடியை ஏற்ற வேண்டும். கிழியாத, சாயம் போகாத கொடியாக வாங்குங்கள், அந்த நாட்டுக்கு நாம் காட்டும் மரியாதை அது.

கடிகாரத்தையும் மாற்றுங்கள். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாலை நான்கு மணிக்குத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தால் அங்கே ஐந்து மணி. இன்னொன்று, லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரம் வேறு. எந்த நாள், எந்த நேரம் வந்தால் எல்லா மேசையிலும் ஆள் இருப்பார்கள் என்று மரினாவுக்கு (படகுகளை நிறுத்தி வைக்கும் துறை) முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

படி 5: கரையில்

தீவின் தென்கிழக்கில் குவா படகுத்துறையிலும் மேற்கில் தெலாகா துறைமுகத்திலும் நுழைவு வேலைகளை முடிக்கலாம். முதல் தடவை என்றால் தெலாகா எனக்குப் பிடிக்கும், அமைதியாக இருக்கும். அனுமதி முடியும்வரை கேப்டன் மட்டும் இறங்க வேண்டும், மற்றவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அதிகாரி சொன்னால் அப்போது கூட்டிப் போகலாம். காகிதங்களை நீர் புகாத பையில் போடுங்கள். கரைக்குப் போகும் டிங்கி என்ற சின்னப் படகில் வரும்போது ஒரே ஒரு அலை அடித்தால் போதும், பத்துப் பிரதியும் ஒட்டிக்கொள்ளும். பேனா, கொஞ்சம் ரிங்கிட் ரொக்கம், ஸ்டாம்ப் மை, இவையும் உள்ளே இருக்கட்டும். கைலியும் பனியனுமாகப் போகாதீர்கள்.

துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். எதை முதலில் என்று முதல் மேசையிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள், அவர்கள் சொல்லும் வரிசையே சரி. கடப்பிதழில் முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று தேதியையும் எத்தனை நாள் என்பதையும் பாருங்கள், தப்பு இருந்தால் அந்த இடத்தில் திருத்துவது சுலபம். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, மது, சாக்லேட் எல்லாம் மலிவு. ஆனால் மலேசியாவின் வேறு ஊருக்குப் படகைக் கொண்டுபோகும்போது அந்தச் சரக்குக்கு அளவு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

படி 6: பினாங்கு போவதென்றால்

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரே நாட்டுக்குள்தானே என்று லங்காவியிலிருந்து நேராகக் கிளம்பிவிடக் கூடாது. மலேசியாவில் துறைமுகத்துக்குத் துறைமுகம் போர்ட் கிளியரன்ஸ் வேண்டும். அடுத்த ஊர் பினாங்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, பினாங்கில் போய் மறுபடி பதிய வேண்டும். அந்தத் தாள்களை ஒரே கோப்பில் தேதி வரிசையில் குத்தி வையுங்கள், கடைசியாக வாங்கியது மேலே இருக்கும்படி.